பிடிக்காதவருக்குச் செய்வது அன்பா, கடமையா?

பிளாக்_சி எழுதியது:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. ஜூன் மாசத்திலிருந்து எங்க அன்பியத்துக்கு (பங்குல அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கற குழு) நான்தான் பொறுப்பாளர். (வேற யாரும் ஒத்துக்கல, அதனால நான்.) போன கூட்டம் எங்க வீட்டு ஹால்ல. வாசகம் 1 கொரிந்தியர் 13. "அன்பு பொறுமையுள்ளது, நன்மை செய்யும், பொறாமைப்படாது..." கல்யாணப் பூசையில கேட்டுக் கேட்டுப் பழகினதுதானே, பகிர்வைச் சீக்கிரம் முடிச்சுட்டு சுண்டலுக்குப் போயிடலாம்னு எல்லாரும் இருந்தோம்.

அப்பதான் ஒரு அங்கிள் வாயைத் திறந்தார். தினமும் காலைப் பூசைக்கு வர்றவர். "மூணாவது மாடி பாட்டியம்மாவுக்கு மருந்து வாங்கித் தர்றேன். முதல் வெள்ளிக்கு நற்கருணை கொண்டு வர்ற ஃபாதரைக் கூட்டிட்டுப் போறேன். லிஃப்ட் நின்னா காய்கறி ஏத்திக் கொடுக்கறேன். ஆனா எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. போனாலே திட்டு. இதை அன்புன்னு சொல்லாதீங்க. கடமைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

உடனே ரெண்டு கட்சி. மனசே இல்லாம செய்யறது வேஷம்னு பாதிப் பேர். செஞ்சா போதும், மனசை யார் பார்த்தாங்கன்னு மீதிப் பேர். ஃபாதர் அன்னைக்கு வரல. சுண்டல் ஆறிப்போச்சு.

திருச்சபை இதுக்கு என்ன சொல்லுது? உங்க பங்குல நடைமுறை எப்படி?

---

மறைக்கல்வி_டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. அந்த அங்கிளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஞாயிறு வகுப்பில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் திணறுவதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1766ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாசின் வரி அங்கே இருக்கிறது: அன்பு செய்வது என்றால் மற்றவருக்கு நன்மையை விரும்புவது. மனம் பொங்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் இல்லை. அந்தப்படி பார்த்தால் மூன்று மாடி ஏறிக் காய்கறி கொடுப்பது அன்பேதான்.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005 கிறிஸ்துமஸ் நாள் தேதியிட்டு எழுதிய முதல் சுற்றுமடலும் அன்பைப் பற்றியதே. அதன் 18ஆம் பத்தியில் உங்கள் அங்கிளுக்காகவே எழுதியது போல ஒன்று வருகிறது: எனக்குப் பிடிக்காதவரை, ஏன், எனக்குத் தெரியாதவரைக் கூட, கடவுளில் கடவுளோடு சேர்ந்து என்னால் நேசிக்க முடியும் என்கிறார். பிடிக்கவில்லை என்பதை மறைக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

கன்னியர் மடத்தில் வாழ்ந்த புனித குழந்தை தெரசாளின் தன்வரலாற்றிலும் இப்படி ஒரு மடத்துச் சகோதரி வருகிறார். அவர் எது செய்தாலும் தெரசாளுக்கு எரிச்சல். ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்காக வேண்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு உதவி செய்துகொண்டே இருந்தார். கடைசியில் அந்தச் சகோதரியே வந்து, "என்னிடம் உங்களை இவ்வளவு ஈர்ப்பது எது?" என்று கேட்டாராம்! 24 வயதில் இறந்துபோன பெண் இவர். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் ஆனார், அதாவது எல்லோருக்கும் ஆசான் என்று திருச்சபை தரும் பட்டம்.

---

பாதியில்_வந்தவன் எழுதியது:

டீச்சர் சொன்னதோட ஒத்துப்போறேன், ஆனா அதே மடல்ல 34ஆம் பத்தியையும் சேர்த்துப் படிக்கணும். கொடுக்கற பொருளோட நானும் அங்க இருக்கணும், இல்லன்னா வாங்கறவருக்கு அது அவமானமாயிடும்ங்கறார். அதாவது மாத்திரையைக் கதவுல மாட்டிட்டு வந்தா பத்தாது. அங்கிள் மாட்டிட்டு வர்றாரா, உட்கார்ந்துட்டு வர்றாரா?

(நான் ஃபாதர் ஆகப் படிக்கற குருமடத்துல சில வருஷம் இருந்துட்டு வெளிய வந்தவன். அதனால இந்தப் பத்தி நம்பர் வியாதி.)

---

பிளாக்_சி எழுதியது:

உட்கார்றதில்லைங்க. வாசல்லயே பையைக் கொடுத்துட்டு, "வரேம்மா"ன்னு திரும்பிடுவார். உட்கார்ந்தா திட்டு நீளும்ங்கறார்.

---

பவுல்சபைக்காரன் எழுதியது:

நான் வின்சென்ட் தே பவுல் சபையில ரொம்ப காலம். இந்த வாசல்-உள்ளே விஷயம்தான் எங்க சபையோட மொத்தக் கதையும்.

1833இல் பாரிஸ்ல பிரெடரிக் ஓசானாம்னு ஒரு 20 வயசுப் பையனும் அவரோட நண்பர்களும் ஆரம்பிச்சது. ஏழைகளோட எப்படிப் பழகறதுன்னு அந்தப் படிச்ச பசங்களுக்குத் தெரியல. ரோசாலி ரந்து என்கிற சகோதரிதான் குடும்பங்களைக் காட்டிக்கொடுத்து வழிநடத்தினாங்க. எங்க வேலையே வீடு தேடிப் போறது, துணைக்கு இன்னொருத்தரோட. ஆபீஸ்ல உட்கார்ந்துகிட்டு "நாளைக்கு வாங்க"ன்னு சொல்றதுக்கு இடமில்ல.

இன்னொண்ணு, வெளிய நிறையப் பேருக்குத் தெரியாது. கூட்டம் முடியும்போது ஒரு பை சுத்தி வரும். கையை உள்ள விட்டு எடுப்போம். யார் நூறு போட்டாங்க, யார் ஒண்ணும் போடலன்னு பக்கத்துல இருக்கறவருக்கும் தெரியக்கூடாது. அந்த வாரம் கையில காசில்லாத உறுப்பினரும் மத்தவங்க மாதிரியே கையை விட்டு எடுக்கலாம்.

இப்ப என்ன நடக்குது? சில இடங்கள்ல மேடை போட்டு, ஏழைத் தாய்மாரை வரிசையில நிக்க வெச்சு, சேலை கொடுத்து, போட்டோ. கொடுக்கறவர் கேமராவைப் பார்க்கறார், வாங்கறவங்க தரையைப் பார்க்கறாங்க. அன்புல எத்தனை வகை இருக்கோ தெரியாது, இதை அதுல சேர்க்காதீங்க.

---

சேனைக்காரி எழுதியது:

பவுல் சபை அண்ணனுக்கு வணக்கம். நாங்க மரியாயின் சேனை, வீடு வீடாப் போய்ப் பார்த்து ஜெபிக்கற சபை. எங்களுக்கு நேர் எதிர் சட்டம்: பொருளுதவி கொடுக்கவே கூடாது. கைப்புத்தகத்துலயே இருக்கு. இதைக் கேட்டா ஜனங்களுக்குக் கோபம் வருது. "ஜெபம் சொல்லிட்டுப் போறீங்களே, அஞ்சு கிலோ அரிசி வாங்கித் தரக்கூடாதா?"

காரணம் இருக்கு. அரிசியோட போனா கதவு அரிசிக்குத் திறக்கும். அரிசி தேவையில்லாத வீடு திறக்காது. வெறுங்கையோட போனா எல்லா வீட்டுக்கும் போகலாம், பங்களாவுக்கும் போகலாம். அங்கயும் ஆள் தனியாத்தான் உட்கார்ந்திருக்காங்க, நம்ம அண்ணாநகர் பக்கம் வந்து பாருங்க. பிள்ளைங்க நியூ ஜெர்சி, அம்மா டிவி முன்னாடி.

சுவாரசியம் என்னன்னா, 1921இல் டப்ளின்ல சேனையைத் தொடங்கின ஃபிராங்க் டஃப் அதுக்கு முன்னாடியிருந்தே பவுல் சபை உறுப்பினர். முதல் வேலை, அங்க ஏழைகளுக்கான ஆஸ்பத்திரியில இருந்த பெண்களைப் போய்ப் பார்க்கறது. பொருள் கொடுக்க ஒரு சபை இருக்கறப்ப, கூட உட்கார இன்னொண்ணு. ரெண்டும் ஒரே பங்குல இருக்கணும். எங்க பங்குல ரெண்டுக்கும் மீட்டிங் ஹால் சண்டைதான் நடக்குது, அதைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

---

ஆல்டோ_குரல் எழுதியது:

மீட்டிங் ஹால் சண்டை எல்லாம் ஒரு சண்டையா? பகைவரை நேசிக்கணும்னா பாடகர் குழுவுல சேருங்க. கீபோர்டு வால்யூம் ஒண்ணு போதும், மீட்பு வரலாறு முழுக்கத் திரும்ப நடக்கும்.

---

ராயபுரத்தான் எழுதியது:

எல்லாம் நல்லாத்தான் பேசுறீங்க. மாத்திரை, காய்கறி, சேலை. நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன்.

ஞாயித்துக்கிழமை பூசையில "ஒருவருக்கொருவர் சமாதானம்"னு கை கூப்புறோம். முன்னாடி பெஞ்சு, பின்னாடி பெஞ்சு, திரும்பித் திரும்பிக் கும்பிடறோம். அதே பெஞ்சுல உட்கார்ந்திருக்கறவங்க வீட்டுப் பொண்ணை நம்ம பையன் விரும்பினா என்ன ஆகுது? கத்தோலிக்க வரன் விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்க. "ஆர்.சி."ன்னு போட்டு, பக்கத்துலயே சாதி. ஞானஸ்நானம் எங்க போச்சு? நம்ம மாநிலத்துல இன்னும் சில ஊர்க் கல்லறையில சாதிக்கொரு பக்கம். செத்தவனுக்கும் பிரிவு.

2016 டிசம்பர்ல ஆயர்களே தலித் மேம்பாட்டுக் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டாங்க, திருச்சபைக்குள்ள இந்தப் பாகுபாடு இருக்குன்னு ஒத்துக்கிட்டு. 18ஆம் நூற்றாண்டுல கிறிஸ்தவரா மாறி, அதுக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே 15ஆம் தேதி புனிதர் ஆனார். சாதி பார்க்காமப் பழகினதும் அவர் செஞ்ச குத்தம்தான். அன்னைக்கு எல்லா பங்குலயும் பட்டாசு, பிரியாணி. மறுநாள்?

பிடிக்காத பாட்டிக்குக் காய்கறி தூக்கறது எந்த வகை அன்புன்னு ஆராய்ச்சி பண்ணுங்க. எனக்கு அன்பே வேண்டாம், நியாயம் போதும்.

---

மறைக்கல்வி_டீச்சர் எழுதியது:

தம்பி, கோபம் நியாயமானது. கடைசி வரியில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. அன்பையும் நியாயத்தையும் இப்படிப் பிரித்துக் கொடுத்தால் மேடையில் சேலை கொடுப்பவர்களுக்குத்தான் வசதி. "நாங்கள் அன்பைப் பார்த்துக்கொள்கிறோம், நியாயத்தை நீங்கள் வேறெங்காவது கேளுங்கள்" என்று போய்விடுவார்கள்.

2009இல் வந்த மடலில் அதே பெனடிக்ட் இதைத்தான் சொல்கிறார். எனக்குச் சொந்தமானதை உனக்குக் கொடுப்பது அன்பு. உனக்குச் சேர வேண்டியதை உனக்குக் கொடுப்பது நீதி. உனக்குச் சேர வேண்டியதையே தராமல் என்னுடையதைத் தருகிறேன் என்று நான் சொல்ல முடியாது. அன்பு நீதியைத் தாண்டிப் போகும், ஆனால் நீதி இல்லாமல் அன்பு இல்லை. கல்லறையில் சுவர் எழுப்பிவிட்டு நவம்பர் 2ஆம் தேதி அந்தப் பக்கத்துக்கும் மெழுகுவர்த்தி கொடுத்தால், வாங்குகிறவருக்கு அது அன்பாகத் தெரியாது.

மறைக்கல்வி வகுப்பில் சாதியைப் பற்றி நான் பாடம் எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதே பாடத்தை எடுக்க ஒருமுறை கேட்டேன், நேரமில்லை என்றார்கள்.

---

ராயபுரத்தான் எழுதியது:

நேரமில்லைன்னாங்களா. சரி டீச்சர். அந்த நேரம் எப்ப வரும்னு நானும் காத்துட்டு இருக்கேன்.

---

சின்னமலை_மாப்பிள்ளை எழுதியது:

நான் வெளியாள், இந்து. மனைவி கத்தோலிக்கம். காதல் கல்யாணம். ராயபுரத்தான் கேட்ட கேள்வியோட மறுபக்கம் எனக்குத் தெரியும்ங்கறதால எழுதறேன்.

நான் மதம் மாறணும்னு ஃபாதர் கேக்கவே இல்ல. பேராயர்கிட்ட அனுமதி வாங்கணும்னார். தன்னோட விசுவாசத்தைக் காப்பாத்திக்கறேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்கத் தன்னால முடிஞ்சதெல்லாம் செய்யறேன்னு அவ வாக்குக் கொடுக்கணும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். மூணு ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்சாங்க. எங்க பேரைக் கோயில்ல சத்தமா வாசிக்கறதைக் கேட்டப்ப அவங்க பெரியப்பா எழுந்து வெளிய போயிட்டார். அதையும் சொல்லணும்ல.

திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு நான் பயந்துக்கிட்டே போனேன். உடம்பு பாவம், ஆசை பாவம்னு ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சேன். ஒரு தம்பதி வந்து பேசினாங்க, கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல. அந்தக்கா சொன்னது: "ஒருத்தரை ஒருத்தர் பார்த்து மயங்கினதுக்கு வெட்கப்படாதீங்க, அது கடவுள் கொடுத்ததுதான். ஆனா அது மட்டுமே கேஸ் பில் கட்டாது." அந்த அண்ணன் சிரிக்காம உட்கார்ந்திருந்தார். கேஸ் பில் அவர் பொறுப்புபோல.

அப்புறம் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதின குடும்பம் பற்றிய மடல்லேர்ந்து மூணு வார்த்தை சொல்லிக் கொடுத்தாங்க: "செய்யலாமா?", "நன்றி", "மன்னிச்சிடு." சின்னப் பிள்ளைப் பாடம் மாதிரி இருக்குன்னு தோணுச்சு. எங்க வீட்டுல முதலாவதுதான் இன்னும் தகராறு. கேக்காமலேயே அவ அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துடுவா, நான் கேக்காமலேயே நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுடுவேன்.

பிளாக்_சி கேட்டதுக்கு என் பதில்: கல்யாணத்துலயும் பிடிக்காத நாள் வருது. அன்னைக்கும் காபி போட்டுக் கொடுக்கறோம். அதை வேஷம்னு யாரும் சொல்றதில்ல.

---

செவ்வாய்க்கிழமை எழுதியது:

எல்லாரும் கொடுக்கற அன்பைப் பத்தியே பேசறீங்க. நான் ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமப் போறவ. அங்க வர்றவங்க முக்கால்வாசிப் பேர் கேக்கத்தான் வர்றாங்க. வேலை, குழந்தை, கடன், காணாமப் போன நகை. நானும்தான். பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேத்தத்துக்கு வெயில்ல நடந்து போறவங்களைக் கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் ஒரு நேர்ச்சை இருக்கும். அதுல எத்தனை பேர் கிறிஸ்தவங்களே இல்ல. இதெல்லாம் அன்புல சேருமா, பேரமா? எங்க புது உதவிப் பங்குத்தந்தை பேரம்ங்கற மாதிரி பிரசங்கம் வெச்சார். மனசு கஷ்டமாப் போச்சு.

---

பாதியில்_வந்தவன் எழுதியது:

அக்கா, அந்த இளம் ஃபாதர் இன்னும் பத்து வருஷம் பங்குல இருந்தா மாத்திப் பேசுவார்.

கேக்கறதும் அன்புதான். யார்கிட்ட வெட்கமில்லாமக் கேக்க முடியுமோ அவங்களைத்தான் நம்ம நம்பறோம்னு அர்த்தம். பெனடிக்டோட முதல் மடல்ல 7ஆம் பத்தி (மறுபடியும் நம்பர், மன்னிக்கணும்): மனுஷன் கொடுத்துக்கிட்டே இருக்க முடியாது, வாங்கவும் வேணும். தேடிப் போற அன்பையும் தன்னைத் தர்ற அன்பையும் முழுசாப் பிரிக்கவே முடியாதுன்னு அடிச்சுச் சொல்றார். தேடற அன்பு கீழானது, கொடுக்கறது உசந்ததுன்னு பிரிச்சா, ஏழை எல்லாம் கீழ, நன்கொடையாளர் எல்லாம் மேலன்னு ஆயிடும்.

இதைக் குருக்கள் விஷயத்துல நான் நேர்ல பார்த்தேன். கொடுக்க மட்டுமே பழக்கறோம் அவங்களை. பங்கு மக்கள் ஃபாதர்மேல உயிரையே வெச்சிருப்பாங்க. மாத்தல் ஆகும்போது அழுவாங்க, மாலை, மோதிரம், வேன் பிடிச்சுப் புதுப் பங்கு வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க. ஆனா சாயங்காலம் பூசை முடிஞ்சு எட்டு மணிக்குப் பங்கு இல்லத்துல தனியாச் சாப்பிடறவருக்கு நண்பன்னு ஒருத்தன் இருக்கானான்னு யாரும் கேக்கறதில்ல. நான் வெளிய வந்ததுக்கு இது காரணமில்ல, ஆனா உள்ள இருக்கற சிலரைப் பத்தி ராத்திரியில நெனைக்கறதுண்டு. குருமடத்துல அந்தக் காலத்துல ரெண்டு பேர் ரொம்ப நெருங்கிப் பழகினாலே சந்தேகமாப் பார்ப்பாங்க. ஆனா 12ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து ரீவோ மடத்துத் தலைவர் ஏல்ரெட் நட்பைப் பத்தி ஒரு தனி நூலே எழுதியிருக்கார். அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேல: இறையன்புங்கறதே கடவுளோட நட்புங்கறார். "இனி உங்களைப் பணியாளர் என்று சொல்லமாட்டேன், நண்பர்கள்"ங்கற யோவான் 15ஐ வெச்சுத்தான் அதைச் சொல்றார்.

பிளாக்_சி, இதை அங்கிளுக்கு ஒரு வேலையா மாத்துங்க. அந்தப் பாட்டிகிட்ட அவர் ஏதாவது கேக்கட்டும்.

---

பிளாக்_சி எழுதியது:

பாட்டிகிட்ட என்ன கேக்கறது? அவங்களால நடக்கவே முடியாது.

---

பவுல்சபைக்காரன் எழுதியது:

நடக்க முடியாதவங்க கையால எங்க சபைக்கு எத்தனை வேலை நடந்திருக்கு தெரியுமா. என்ன வேலை பார்த்தாங்க அந்தம்மா? முதல்ல அதைக் கேளுங்க. ஹாரிங்டன் சாலையில முதியோர் இல்லம் நடத்தற ஏழைகளின் சிறிய சகோதரிகளைப் பாருங்க. அவங்க தலைமுறை தலைமுறையா கடைத்தெருவுல கையேந்திக் கேட்டுத்தான் தாத்தா பாட்டிகளுக்குச் சாப்பாடு போட்டவங்க. 1839இல் சபையை ஆரம்பிச்ச ஜான் ஜுகானே கூடையோட பிச்சை கேட்டுப் போனவங்கதான். கேக்கறதுல கேவலம் ஒண்ணுமில்ல.

---

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

நான் இந்த இழையைப் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். கேக்கலாமா வேண்டாமான்னு தெரியல.

அம்மாவுக்கு மறதி நோய். நானும் அம்மாவும் மட்டும்தான். ராத்திரி வேலை (பிபிஓ), பகல்ல ஒரு அக்கா வந்து பார்த்துக்கறாங்க, ராத்திரிக்குச் சித்தி. நான் பங்குப் பேரவையில இளைஞர் பிரதிநிதி, ஞாயிறு மறைக்கல்வியும் எடுக்கறேன். போன மாசத்திலிருந்து ரெண்டுக்கும் போக முடியல. "கடவுளுக்கு நேரம் இல்லையா?"ன்னு ஒருத்தர் கேட்டார். சும்மா கேட்டாரோ, வேணும்னே கேட்டாரோ. அதிலிருந்து பூசைக்குப் போறப்ப கடைசி பெஞ்சுல உட்கார்ந்துட்டு முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்.

வெளிய ஏழைகளுக்குச் செய்யறது பெரிசு, வீட்டுக்குச் செய்யறது நம்ம சொந்தக் கணக்கு, அது சேவையில சேராதுன்னுதான் நான் இவ்வளவு நாள் நெனச்சுட்டு இருந்தேன். இப்ப எனக்கு வேற வழியும் இல்ல. இதுல எது முதல்?

---

மறைக்கல்வி_டீச்சர் எழுதியது:

மகளே, மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுங்கள், 9 முதல் 13 வரை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்று படியுங்கள். உங்களிடம் கேட்டவருக்கும் அதையே கொடுங்கள்.

அன்புக்கு ஒரு வரிசை உண்டு என்று அக்குவினாஸ் தனிக் கேள்வியாகவே எடுத்து எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் நன்மையை விரும்பு. ஆனால் செய்கிற கை முதலில் நெருங்கினவர்களுக்கு நீளட்டும். உங்கள் அம்மாவுக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. ஞாயிறு வகுப்புக்கு என்னைப் போல் நாலு கிழவிகள் உண்டு.

---

ராயபுரத்தான் எழுதியது:

டீச்சர், இந்த வரிசைக் கதையை வெச்சுத்தான் 2025 ஆரம்பத்துல அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் பேசினார். முதல்ல குடும்பம், அப்புறம் அக்கம்பக்கம், அப்புறம் நாடு, கடைசியிலதான் மத்தவன்னு. அகதிகளை விரட்டறதுக்கு அக்குவினாஸ்! பிரான்சிஸ் பிப்ரவரி 10ஆம் தேதி அந்த நாட்டு ஆயர்களுக்கு எழுதின கடிதத்துல, உண்மையான வரிசை தெரியணும்னா, அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவின நல்ல சமாரியர் உவமையைத் தியானிங்கன்னு பதில் கொடுத்தார். நம்மூர்ல இதே வரிசை "முதல்ல நம்ம சாதி சனம்"னு ஆகும். பார்த்துச் சொல்லுங்க.

(ராத்திரி_ஷிஃப்ட் தங்கச்சி, இது உங்களுக்கு இல்ல. நீங்க அம்மாவைப் பார்த்துக்குங்க.)

---

மறைக்கல்வி_டீச்சர் எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. அக்குவினாசும் அதற்கு இடம் விட்டிருக்கிறார்: அந்நியன் உயிர் போகிற நெருக்கடியில் கிடந்தால், அந்த அளவு நெருக்கடி இல்லாத சொந்தக்காரனை விட்டுவிட்டு அவனிடம்தான் போக வேண்டும். நெருக்கத்தோடு தேவையையும் எடைபோடச் சொல்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடியில் நின்றவரைக் கயிறு போட்டு இறக்கும்போது யாரும் குலம் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் கேட்க ஆரம்பித்துவிட்டோம், அதுதான் நம் வெட்கம்.

---

பிளாக்_சி எழுதியது:

நடுவுல ஒரு செய்தி. பாட்டி ஏஜி ஆபீஸ்ல (அரசுக் கணக்கு, ஓய்வூதியம் எல்லாம் பார்க்கற ஆபீஸ்) வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்களாம்! இத்தனை வருஷம் அதே பில்டிங்ல இருக்கோம், எங்க யாருக்கும் தெரியாது. அங்கிளுக்கோ ஓய்வூதிய ஆவணத்துல ஒரு பேர், ஆதார்ல இன்னொரு பேர். ஞானஸ்நானப் பேர், அப்பா பேர், இனிஷியல் எல்லாம் முன்ன பின்ன மாறி, ரொம்ப நாளா அலைஞ்சுட்டு இருந்தார். காகிதத்தை எடுத்துட்டு மூணாவது மாடிக்குப் போகச் சொன்னேன். முனகிக்கிட்டே போனார்.

பாட்டி கண்ணாடியைப் போட்டுட்டு, முதல்ல அவர் கையெழுத்தைத் திட்டினாங்களாம். அப்புறம் காகிதத்தை மடிச்சு வெச்ச விதத்தைத் திட்டினாங்களாம். அப்புறம் உட்காருங்கன்னு சொல்லி, யாருக்கு என்ன எழுதணும், என்னென்ன இணைக்கணும்னு ஒவ்வொரு வரியாச் சொல்லி எழுத வெச்சிருக்காங்க. சாயங்காலம் ஆயிடுச்சு.

"இப்ப பிடிக்குதா அங்கிள்?"னு கேட்டேன். "இல்ல"ன்னார். "ஆனா அந்தம்மா விஷயம் தெரிஞ்சவங்க"ன்னு சேர்த்துக்கிட்டார். நாளைக்கு மறுபடியும் போகணுமாம், இன்னொரு படிவம் பாக்கி இருக்காம்.

---

சின்னமலை_மாப்பிள்ளை எழுதியது:

என் மாமியாருக்கும் ஆயுள் சான்றிதழ் விஷயத்துல ஒரு சந்தேகம் இருக்கு. திட்டு வாங்க நான் தயார்.

---

ஆல்டோ_குரல் எழுதியது:

எங்க கீபோர்டு அண்ணாவையும் அனுப்பி வைக்கவா? ஆவணம் ஒண்ணும் இல்ல, திட்டு மட்டும் போதும்.

---

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

டீச்சருக்கு நன்றி. மாற்கு 7 படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.

பேரவையிலிருந்து விலகிக்கறேன்னு ஃபாதர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன். திட்டமாட்டார். ஆனா "உன்னால முடியும் மா"ன்னு சொல்லிடுவார். அதுதான் பயம்.

---

சேனைக்காரி எழுதியது:

விலகறேன்னு சொல்லாத மா. "அம்மா இருக்கற வரைக்கும் இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் ஃபாதர், எங்க வீட்டுக்கு நற்கருணை கொண்டு வாங்க"ன்னு சொல்லு. கேட்டுட்டு வா. கேக்கறதும் அன்புதான்னு மேல அந்தத் தம்பி சொன்னாரே.

அப்புறம், உனக்கு ஞாயிறு பூசைக்கு நிம்மதியாப் போய் வர ஒரு ஒண்ணரை மணி நேரம் வேணும்ல. எந்தப் பக்கம் வீடு? இங்க போடாத, தனி மெசேஜ்ல சொல்லு. சேனையிலிருந்து ரெண்டு பேர் வந்து அம்மாகூட உட்காருவாங்க. அதுக்கு எங்க சட்டம் குறுக்க வராது, நாங்க அரிசி கொண்டு வரப்போறதில்லையே.

---

பவுல்சபைக்காரன் எழுதியது:

டயப்பர், மருந்து, வீல்சேர் இப்படி ஏதாவது வேணும்னா அது எங்க இலாகா. தயங்காமச் சொல்லுங்க. யார் கொடுத்தாங்கன்னு உங்க பங்குல யாருக்கும் தெரியாது, போட்டோவும் கிடையாது.

---

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

மெசேஜ் அனுப்பியிருக்கேன் அக்கா. ஒரு விஷயம் மட்டும். அம்மா சின்ன வயசுல குண்டூர்ல வளர்ந்தவங்க. கொஞ்ச நாளா தமிழ் மறந்துக்கிட்டே வருது, தெலுங்குலதான் பேசறாங்க. ஜெபமாலைகூடத் தெலுங்குலதான் சொல்றாங்க, எனக்குப் பாதி புரியாது. வர்றவங்களுக்குத் தெலுங்கு தெரிஞ்சா நல்லா இருக்கும். தெரியலன்னாலும் பரவாயில்ல.

---

சேனைக்காரி எழுதியது:

எங்க பிரசீடியத்துல (சேனையோட கிளைக் குழு) நெல்லூர்க்கார அக்கா ஒருத்தங்க இருக்காங்க. வாய் ஓயாது. செவ்வாய்க்கிழமை கூட்டத்துல கேட்டுட்டுச் சொல்றேன்.